தடித்த எஃகுக்கு எந்த வெல்டிங் ராடு?

12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு எஃகுத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கிடத்தி, மற்றொன்றை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய 6013 ராடால் குறைந்த கரண்ட்டில் பற்றவையுங்கள். ராடின் பூச்சு உருகி மேலே உறையும் கசடைத் தட்டிவிட்டால் மீன்செதில் அடுக்கியதுபோல அழகான வரி தெரியும். இப்போது நிற்கும் தகட்டை, வெல்டு இருக்கும் பக்கமாகச் சம்மட்டியால் அடித்துச் சாய்த்துவிடுங்கள். வரி பெயர்ந்து வந்தால் முறிந்த இடத்தின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். தகட்டின் மூலை கூர் மழுங்காமல் அப்படியே இருக்கும். கிரைண்டர் இழைத்த கோடுகள்கூட அழிந்திருக்காது. உருகிய உலோகம் அதன்மேல் படுத்திருந்ததே தவிர, அதோடு கலக்கவே இல்லை.

இது வெல்டரின் கைக்குறை மட்டுமல்ல. ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்தீப்பொறிதான் ஆர்க். மெல்லிய தகட்டில் ஆர்க்கின் வெப்பம் பக்கவாட்டில்தான் பரவ முடியும். அதனால் அந்த இடம் சீக்கிரம் இளகிவிடும். தடித்த தகட்டிலோ வெப்பம் பக்கவாட்டில் போவதோடு கீழ்நோக்கியும் பாய்கிறது. சுற்றியுள்ள அத்தனை எஃகும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. விளைவு இரண்டு. ஒன்று, மூலை உருகத் தாமதமாகிறது. மற்றொன்று, உருகிய இடம் மிக வேகமாகக் குளிர்கிறது. முதலாவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் ஆபத்தானது.

ராடின் மேல் அச்சிட்ட எண்ணிலிருந்து தொடங்குவோம். 7018 என்றால், வெல்டு உலோகம் ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும். மெகாபாஸ்கல் என்ற மெட்ரிக் அலகில் ஏறத்தாழ 490. அடுத்து வரும் 1, எல்லா நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்பதைக் குறிக்கிறது. கடைசி எண் ராடைச் சுற்றியுள்ள பூச்சின் வகையையும் ஏற்ற மின்சாரத்தையும் சொல்கிறது.

தடித்த வேலை என்றதும் பலரின் கண் 70இல் போய் நிற்கிறது. கார்பன் குறைந்த சாதாரண எஃகான மைல்டு ஸ்டீலின் இழுவலிமையோ 400 மெகாபாஸ்கலை ஒட்டியது. 60 வரிசை ராடுகளே அதற்கு ஈடுகொடுக்கும். தடித்த எஃகுக்கு 7018ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்த 70க்காக அல்ல, கடைசியில் இருக்கும் 8க்காக.

எட்டு என்றால் ஹைட்ரஜன் குறைந்த பூச்சு. உருகிய இரும்பு ஹைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். உறைந்ததும் அதற்கு அவ்வளவு இடம் இராது. சிக்கிக்கொண்ட ஹைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை என்பதால், அறை வெப்பநிலையிலேயே எஃகுக்குள் மெல்ல நகர்ந்து, இழுவிசை அதிகமாக உள்ள இடங்களில் கூடுகின்றன. வேகமாகக் குளிர்ந்த எஃகு, கார்பன் போதுமான அளவில் இருந்தால், மார்ட்டன்சைட் என்ற கடினமான, நொறுங்கும் அமைப்பாக மாறியிருக்கும். தடித்த தகடு வளைந்துகொடுக்காது. வெல்டு சுருங்கும்போது எழும் இழுப்பு முழுவதும் அந்த நொறுங்கும் பகுதியிலேயே விழுகிறது. ஹைட்ரஜன், கடினம், இழுப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் விரிசல் பிறக்கிறது.

அது உடனே தெரிவதில்லை என்பதுதான் கொடுமை. வேலை முடிந்து, கசடு தட்டி, வண்ணம் பூசிய பிறகு, மணிக்கணக்கில் கழித்துக்கூட வரியின் ஓரத்திலோ அடியிலோ மயிரிழையாக வெடிக்கும். சில உயர்வலிமை எஃகுகளின் வெல்டை 48 மணி நேரம் காத்திருந்து சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

6010, 6011 ராடுகளின் பூச்சு செல்லுலோஸ், அதாவது தாவர நார்ப்பொருள். எரியும்போது அது ஹைட்ரஜனைக் கொட்டுகிறது. அதனால் ஆர்க் சீறிக்கொண்டு ஆழமாகத் தோண்டுகிறது. துரு படிந்த இரும்பிலும் மூட்டின் அடிவரியிலும் அதன் திறமை ஒப்பற்றது. 7018இன் பூச்சில் இருப்பது சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் ஃபுளூரைடும். சுண்ணாம்புக் கல் சிதைந்து வரும் கார்பன் டை ஆக்சைடே உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும் கவச வாயு. பூச்சில் கலந்த இரும்புத் தூள் கூடுதலாக உலோகத்தைச் சேர்க்கிறது. 6013 எளிதில் பற்றிக்கொள்ளும், கண்ணுக்கு அழகான வரி தரும். ஆனால் ஊடுருவல் குறைவு, ஆழமான பள்ளத்தில் கசடு உள்ளே சிக்கவும் வாய்ப்புண்டு. மெல்லிய தகட்டுக்கு அது அருமையான ராடு. சுமை தாங்கும் தடித்த மூட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

7018 வாங்கினால் மட்டும் போதாது, அதை உலர்வாக வைத்திருக்க வேண்டும். திறந்து போட்டால் பூச்சு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்; ஆர்க் அந்த நீரைப் பிளந்து ஹைட்ரஜனாக்கும். பெட்டியைத் திறந்ததும் ராடுகளை 120 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்த சாதாரண 7018க்கு அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டமைப்பு விதிகள் தரும் அவகாசம் 4 மணி நேரம். அதைத் தாண்டினால் 260 டிகிரிக்கு மேல் மீண்டும் சுட்டெடுக்க வேண்டும். 6010ஐ அதே பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை; வறண்டால் ஆர்க் கெட்டுவிடும். தகட்டில் உள்ள துரு, எண்ணெய், வண்ணம் ஆகியவையும் ஹைட்ரஜன் தருபவை. பளபளவென இழைத்த பிறகே 7018ஐத் தொடுங்கள்.

தடித்த தகட்டுக்குத் தடித்த ராடு என்று நேராகக் கணக்குப் போடக் கூடாது. விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கி 60 டிகிரி வி வடிவப் பள்ளமாக்கினால், அதன் அடி மிகக் குறுகலாக இருக்கும். 4 மில்லிமீட்டர் ராடை அங்கே நுழைத்தால் ஆர்க் அடியைத் தொடாமல் பக்கச் சுவர்களில் தாவும். அடிவரிக்கு 2.5 அல்லது 3.15, மேலே நிரப்ப 4 என்பது நடைமுறையில் நன்றாகப் பலிக்கும் வரிசை. பல வரிகளாக நிரப்புவதில் இன்னொரு லாபம் உண்டு: ஒவ்வொரு வரியின் சூடும் கீழே உள்ள வரியின் படிகங்களை நுண்மையாக்கி, அதன் கடினத்தைத் தணிக்கிறது. வரிக்கு வரி கசடை முழுதாக நீக்கினால்தான் அந்த லாபம் கைக்கு வரும்.

கரண்ட்டுக்குத் தோராயக் கணக்கு, விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 40 ஆம்பியர்: 3.15 ராடுக்கு 125 அளவில் தொடங்கிப் பெட்டியில் அச்சிட்ட வரம்புக்குள் திருத்திக்கொள்ளலாம். ஆர்க்கைக் குட்டையாக, ஏறத்தாழ தகட்டைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் பிடியுங்கள். 7018இல் ஆர்க் நீண்டால் காற்று புகுந்து வரியில் துளைகள் விழும்.

மெஷின் சிறிய ஏசி (மாறுதிசை மின்சார) டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் 7018 அடிக்கடி அணைந்து ஒட்டிக்கொள்ளும். ஆர்க்கைத் தாங்கும் வோல்டேஜ் அதில் போதாது. ஏசிக்கென்றே செய்த 7018 வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அதுவும் கிடைக்காமல் 6011தான் கையில் இருக்கிறது, தகடோ 20 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது என்றால், மூட்டை முன்கூட்டியே சூடாக்குங்கள். ஹைட்ரஜன் குறையாத ராடுகளுக்கு, 20 முதல் 38 மில்லிமீட்டர் வரையிலான மைல்டு ஸ்டீலை 65 டிகிரிக்காவது சூடாக்க வேண்டும் என்று அதே கட்டமைப்பு விதிகள் சொல்கின்றன. அந்தச் சூட்டில் எஃகு மெதுவாகக் குளிரும். சிக்கிய ஹைட்ரஜனுக்கும் வெளியேற நேரம் கிடைக்கும்.