உள்ளிருந்து துருப்பிடிக்கும் படகு

தகட்டின் தடிமனை மில்லிமீட்டரில் காட்டும் மீட்டரில் 5.7, 5.6, 5.6 என்று சீராக வந்துகொண்டிருந்த எண், குளியலறைக்கு நேர் கீழே போனதும் 3.2 ஆனது. தகட்டைத் துடைத்து, ஜெல் தடவி மறுபடி வைத்தேன். 3.1. ஒரு சாண் தள்ளி வைத்தேன். 2.8. உலர்துறையில் கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்த படகின் அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். முகத்துக்கு நேரே இருந்த அந்தத் தகடு பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது.

படகுக்காரர் ஒரு தமிழ்த் தம்பி. மனைவி செவிலியர். 1990களில் கட்டிய 57 அடி நேரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுக்கமான இரும்புப் படகு) ஒன்றை வாங்கி, பதினோரு மாதம் வார இறுதிகளில் உழைத்து உள்ளே எல்லாவற்றையும் புதிதாகச் செய்திருந்தார்கள். ஓக் பலகைத் தரை, சமையல் மேடை, மடக்குக் கட்டில், டைல்ஸ் ஒட்டிய குளியலறை. அத்தனையும் முடிந்த பிறகு, காப்பீட்டு நிறுவனம் படகைச் சோதிக்கும் சர்வே கேட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். "வெளியே தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கே அண்ணா" என்றார் தம்பி. அவர் சொன்னது சரி. தகடு உள்ளேயிருந்து கரைந்திருந்தது.

இங்கிலாந்தின் மத்தியப் பகுதிக் கால்வாய்களில் படகு சர்வே செய்வது என் தொழில். வீட்டு வாடகை ஏற ஏற, பழைய படகு ஒன்றை வாங்கி நாமே சரிசெய்து குடியேறினால் என்ன என்று கேட்டு நம் ஆட்களும் என்னிடம் வருகிறார்கள். எனக்கு இந்தப் படகுகள்மேல் பிரியம் உண்டு. யாரையும் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்றுதான் படம் வரையத் தொடங்குகிறார்கள். நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: திரும்பத் திறக்க முடியாதபடி படகில் எந்த இடத்தையும் மூடாதீர்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஜேம்ஸ் பிரிண்ட்லி 1766இல் ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய் வேலையைத் தொடங்கியபோது, படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏறத்தாழ 7 அடி அகலத்துக்கும் 70 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்கும் வகுத்தார். தண்ணீர் மிச்சம், செலவும் மிச்சம். அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. அதனால்தான் இன்று கட்டும் படகும் 6 அடி 10 அங்குல அகலம். நீளத்தை 57 அடியோடு நிறுத்திக்கொண்டால் வடக்கே உள்ள குட்டை லாக்குகளிலும் நுழையலாம், நாட்டின் கால்வாய்களில் ஏறக்குறைய எங்கும் போகலாம். நிலக்கரியும் பீங்கானும் ஏற்றிய இந்த உருவத்துக்குள்தான் இப்போது வீட்டை அடக்கப் பார்க்கிறோம்.

இன்றைய படகுகளின் தகட்டுக் கணக்கை 10/6/4 என்பார்கள். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, கேபின் 4. பழைய படகுகளில் அடித்தகடே 6 மில்லிமீட்டராகவோ அதற்கும் குறைவாகவோ இருப்பது சகஜம். காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தயங்கும். ஆக, 6 மில்லிமீட்டர் படகில் கையிருப்பு வெறும் 2 மில்லிமீட்டர். அதைத் தண்ணீர் வெளியிலிருந்து தின்னும், உள்ளிருந்தும் தின்னும். வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தூக்கி, கழுவி, தார்ப்பூச்சு அடிக்கிறார்கள். வசதி இருந்தால் இரும்புக் குருணையை வீசித் துருவை உரித்து (ஷாட் பிளாஸ்டிங்), எபாக்ஸிப் பூச்சு அடிக்கிறார்கள். உள்பக்கத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பார்க்க வழியே வைக்கவில்லை.

தரைப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? அடித்தகடு, குறுக்குச் சட்டங்கள், அவற்றுக்கு இடையே அடிப்பாரமாகச் செங்கல்லோ நடைபாதைக் கல்லோ. இந்தப் பாரம் இல்லாவிட்டால் படகு தண்ணீரில் உயரமாக மிதந்து ஆடும். அந்தக் கற்களை நேராகத் தகட்டின்மேல் பரப்பி, மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைத் திருகி, அதன்மேல் ஓக் ஒட்டிவிட்டால் அடியில் என்ன நடந்தாலும் தெரியாது. ஷவர் தட்டின் கழிவுக் குழாயில் ஒரு மூட்டு வியர்த்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் சட்டத்தில் கசியும். குளிர்காலத்தில் நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகி வழியும். எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, வருஷக்கணக்கில் காயாமல் கிடக்கும்.

நம் தம்பியின் படகில் கசிந்தது முந்தைய உரிமையாளர் வைத்த ஷவர் குழாய் மூட்டு. தரையைப் பெயர்க்காமலே அதன்மேல் புதுக் குளியலறையைக் கட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது சர்வே செய்யவில்லையா என்று கேட்டேன். "பாதுகாப்புச் சான்றிதழ் இருந்துச்சு அண்ணா, இன்னும் மூணு வருஷம் பாக்கி" என்றார். இதை அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து மனதில் வையுங்கள். போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது. எரிவாயு, எரிபொருள், மின்சாரம், தீ, காற்றோட்டம் ஆகியவற்றைத்தான் அது பார்க்கும். தகடு எத்தனை தடிமன் என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. உரிமம் வாங்க அது கட்டாயம் என்பதால், படகே நல்லது என்பதற்கு அத்தாட்சி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தகட்டுக்குத் தனி சர்வே வேண்டும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சுரண்டி, அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்துப் பார்க்கும் சர்வே. பணம் கைமாறும் முன்பே செய்யுங்கள்.

சரி, தகடு மெலிந்துவிட்டது. என்ன செய்வது? வெளிப்பக்கம் அதன்மேல் இன்னொரு தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்யலாம். ஒழுங்காகச் செய்தால் நல்ல வழிதான். ஆனால் இரண்டு விஷயம் உண்டு. முதலாவது எடை. 6 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ. 57 அடிப் படகின் அடி முழுக்கப் போட்டால் சுமார் 30 சதுர மீட்டர், அதாவது 1,400 கிலோ. இந்த அளவுப் படகு ஏறக்குறைய 330 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் தாழும். ஆக, படகு நாலு சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீரில் இறங்கும். எஞ்சின் புகைக்குழாய், கழிவுநீர்த் துளைகள், பின்பக்கத்து வீட் ஹேட்ச் (விசிறியில் சிக்கிய குப்பையை எடுக்கும் திறப்பு) எல்லாமே அந்த அளவுக்குத் தண்ணீரை நெருங்கும். அதே எடைக்கு உள்ளே கல்லைக் குறைத்தாக வேண்டும். கல்லைக் குறைக்கத் தரையைப் பிரித்தாக வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். வெல்டிங் சூடு தகட்டுக்கு அந்தப் பக்கமும் போகும். அங்கே பாலியூரித்தேன் நுரையும் பலகையும் ஒட்டியிருந்தால் பற்றிக்கொள்ளும், அதன் புகை ஆளைக் கொல்லும். அதனால் வெல்டிங் விழும் இடத்துக்கு உள்பக்கம் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் தண்ணீரோடும் தீயணைப்பானோடும் நிற்க வேண்டும். எரிவாயு சிலிண்டர்கள் கரைக்குப் போயிருக்க வேண்டும். பதினோரு மாத உழைப்பில் குளியலறையும் கட்டிலும் பாதித் தரையும் வெளியே வரவேண்டியிருந்தது இதனால்தான். அதைச் சொன்னபோது அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. டைல்ஸை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்துல இருந்து பிரிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம், வரைபடம் போடும்போது நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். தரையில் மூன்று இடத்திலாவது திருகு கழற்றித் திறக்கும் மூடிகள் வேண்டும். ஷவருக்கு அடியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி பக்கம் ஒன்று, கேபினின் பின்கோடியில் ஒன்று. படகு பொதுவாகப் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து மிதக்கும், அதனால் எங்கே கசிந்தாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். மாதம் ஒருமுறை அந்த மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தால் படகின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடிப்பாரக் கல்லைத் தகட்டில் நேராக வைக்காமல், அடியில் பிளாஸ்டிக் பட்டைகள் கொடுத்துத் தூக்கி, ஓரங்களில் தண்ணீர் ஓட இடம் விடுங்கள். அதற்கு முன் தகட்டைச் சுரண்டி ப்ரைமர் அடியுங்கள். இந்த வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், படம் எடுத்துப் போடவும் அழகாக இருக்காது. படகின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது.

வெளிப்பக்கம் பற்றி இரண்டே குறிப்பு. அனோடு என்பது படகின் வெளித்தகட்டில் பொருத்தும் உலோகக் கட்டி. நன்னீரில் மக்னீசியம் அனோடுதான் பொருத்த வேண்டும். அது கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தார் அடிக்கிற வேகத்தில் அனோடின் மேலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள், அப்போது அது வேலையே செய்யாது. கரையிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுப்பவர்கள் எர்த் கம்பியில் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு உங்கள் படகு சேர்ந்துகொள்ளும், உங்கள் அனோடு ஊரார் படகுக்காகக் கரையும். அனோடு தீர்ந்ததும் அடுத்தது தகடுதான்.

மின்கம்பியிலும் இதே கதை. பலகைக்குப் பின்னால் போகும் பிவிசி கம்பி பாலிஸ்டைரீன் அட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தால், கம்பியின் உறை மெல்ல இறுகி வெடிக்கும். குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். கம்பியின் தடிமனும் முக்கியம். பேட்டரி பின்கோடியில், குளிர்ப்பெட்டி 12 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். போக வர 24 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு, குளிர்ப்பெட்டி அடிக்கடி நின்றுபோகும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். பலகை அடித்த பிறகு கம்பியை மாற்றுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று மாற்றியவர்களைக் கேட்டால் தெரியும்.

மூடக்கூடாத இன்னோர் இடம் காற்றுத்துளை. ஜனவரிக் குளிரில் விறகடுப்பு எரிய, காற்று உள்ளே சீறுகிறது என்று துளையில் துணி திணித்திருந்த படகுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு படகில் நான் நுழைந்தபோதே உள்ளே இருந்தவருக்குத் தலைவலி, "ரெண்டு நாளா ஃப்ளூ மாதிரி இருக்கு" என்றார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசினேன். 2019 ஏப்ரல் முதல் கேபின் உள்ள எல்லாப் படகிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். படகுக்கு என்று தரச்சான்று பெற்றதை வாங்குங்கள், பெட்டியில் ஈஎன் 50291-2 என்று போட்டிருக்கும். துளைகளைப் படத்திலேயே வரைந்து, கட்டில் மெத்தையோ அலமாரியோ மறைக்காத இடமாக வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில் போய்த் தங்கும். அதனால் சிலிண்டர் அறையின் வடிகால் படகுக்கு வெளியேதான் திறக்க வேண்டும். எரிவாயு வேலையை மட்டும் நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

வெறும் கூடாக வாங்கி உள்ளே கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்குக் கட்டும் படகுக்குச் சட்டத்தில் சலுகை உண்டு, ஆனால் ஐந்து ஆண்டுக்குள் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. இடையில் விற்க நேர்ந்தால் தனி மதிப்பீடு தேவைப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பலகை அடிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். அதைப் பார்க்கும் என் மாதிரி ஆளுக்குப் பாதி வேலை மிச்சம்.

தம்பி படகில் தரையைப் பிரித்தபோது நானும் போயிருந்தேன். செங்கற்களை வாளி வாளியாக வெளியே கடத்தினோம். ஷவருக்குக் கீழே இருந்த கற்கள் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன, நெம்பி எடுத்தால் துரு பாளம் பாளமாக, அப்பளம்போல உரிந்து வந்தது. அந்த இடத்தில் ஐந்து மீட்டர் நீளத்துக்குப் புதுத் தகடு போட்டார்கள், மற்ற இடம் தப்பியது. கழற்றிய ஓக் பலகையில் முக்கால்வாசியைத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. தரையில் இப்போது நாலு மூடிகள், ஒவ்வொன்றிலும் பித்தளைத் திருகு, திருகுப்புளி அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. மாதாமாதம் அந்தப் பெண் பின்கோடி மூடியைத் திறந்து படம் அனுப்புவார். போன ஞாயிற்றுக்கிழமை வந்த படத்தில் டார்ச் வெளிச்சம், சாம்பல் நிற ப்ரைமர், அதன்மேல் விரித்திருந்த ஒரு டிஷ்யூ காகிதம். காய்ந்திருந்தது.