பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

சிங்கப்பூரில் கட்டுமானத்துக்கும் வீட்டுப் புதுப்பிப்புக்கும் ஓடும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்தான் படுத்துவிடுகின்றன. சனிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி ஞாயிறு முழுவதும் அசையாமல் நிற்கிறது. மறுநாள் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. வேலையிடத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள். அவசரத்தில் புதுப் பேட்டரி போட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை.

காரணம் எளிய கணக்கு. வண்டி நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் மின்சாரம் கசிந்தால் 36 மணி நேரத்தில் 18 ஆம்பியர்-மணி போய்விடும். 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால்பங்கு. முழு சார்ஜ் இருந்தால் தாங்கும். ஆனால் புளோக்குக்குப் புளோக் நின்று நின்று ஓடும் வண்டிக்கு முழு சார்ஜ் கிடைப்பதே அரிது. வாரநாட்களில் தினமும் ஓடுவதால் கசிவு வெளியே தெரிவதில்லை.

முதலில் பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்யுங்கள். முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று ஓய்வு கொடுத்து மல்டிமீட்டர் என்ற மின் அளவியால் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. சார்ஜ் செய்த பிறகும் 10.5 அருகிலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும். நம் ஊர் வெக்கை பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதும் உண்மைதான். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) சார்ஜ் செய்கிறது என்று கொள்ளலாம்.

பலர் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை இணைத்த உடனே சில ஆம்பியர் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வண்டியிலுள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கப் போவதற்கு 20 முதல் 40 நிமிடம்வரை ஆகலாம். கதவைத் திறந்து வைத்து வேலை செய்வதென்றால் அதன் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியதாக வண்டி எண்ணிக்கொள்ளும். ஸ்மார்ட் சாவியைத் தள்ளி வையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. அதன் ஃபியூஸ் எரிந்துவிடும். எல்லாம் உறங்கிய பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழக்கம். பிடுங்கிச் செருகும்போது உறங்கிய பெட்டி விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பதே மேல். சுழியம் காட்டாத ஃபியூஸ் வழியாக மின்சாரம் ஓடுகிறது.

அண்மையில் ஒரு ஓட்டுநர், “புதுப் பேட்டரி போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை அண்ணே” என்று வண்டியைக் கொண்டுவந்தார். மேற்சொன்ன முறையில் தேடியபோது, பின்னால் பூட்டிய கேமராவை யாரோ எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் இணைத்திருந்தது தெரிந்தது. நிறுத்தியிருக்கும்போதும் அது படம் பிடித்துக்கொண்டே இருந்தது. குறைந்த வோல்டில் தானே அணைந்துகொள்ளும் கருவி அதில் இல்லை. இணைப்பைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றியதோடு சிக்கல் தீர்ந்தது. வண்டி வாங்கிய பிறகு பொருத்தும் கேமரா, ஜிபிஎஸ் கருவி, வேலை விளக்கு ஆகியவற்றையே நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

கை வைத்தே கண்டுபிடிப்பதும் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது அணையாமல் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் சூடாக இருந்தால் அதன் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கெட்டிருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். மின்னழுத்தம் திடீரென எகிறி எஞ்சின் கணினியையே பழுதாக்கலாம். நிறுத்திய வண்டியின் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு சார்ஜ் ஏற்றுவதும் வேண்டாம். அதில் சார்ஜ் அதிகம் ஏறாது; இங்கே அது குற்றமும்கூட.

பணிமனையில் புதுப் பேட்டரி போடச் சொன்னால், “கசிவு எத்தனை மில்லி ஆம்பியர்?” என்று கேளுங்கள். அளந்த எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.