துவிச்சக்கர வண்டி, ஈருருளி, மிதிவண்டி: தடம் கேட்பது எந்தப் பெயரில்?

எங்கள் ஒழுங்கைத் தம்பிமார் போன மாதம் ஒரு கோரிக்கைக் கடிதத்தோடு வந்தார்கள். கல்லடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குள் போகும் வீதியோரம் சைக்கிளுக்குத் தனியாக ஒரு தடம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை பார்த்துத் தரவேண்டுமாம். பிழை அதிகம் இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் அந்த வண்டிக்கு நாலு பெயர்: தலைப்பில் துவிச்சக்கர வண்டி, முதல் பந்தியில் ஈருருளி, நடுவில் இருசக்கர வண்டி, கடைசியில் சைக்கிள். எதை வைக்கிறது, எதை வெட்டுறது?

துவிச்சக்கர வண்டி நம் நாட்டு அரச காகிதங்களின் சொல். பிரதேச சபைகளின் வாகன, விலங்கு வரி அறிவித்தலைப் பார்த்தால், மாட்டுவண்டியும் குதிரையும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில் இதுவும் இருக்கும். ‘துவி’யும் ‘சக்கர’மும் வடமொழி, வண்டி மட்டும் தமிழ். ஆங்கிலப் பெயரைத் துண்டு துண்டாகப் பெயர்த்துச் செய்த சொல் இது. ‘பை’ என்றால் லத்தீனில் இரண்டு, ‘சைக்கிள்’ கிரேக்கத்தின் ‘குக்லோஸ்’, அதாவது சக்கரம். அந்தக் குக்லோசும் வடமொழிச் சக்கரமும் ஒரே வேரில் பிறந்தவை. சைக்கிளைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைக் கொண்டுவந்தவர்கள், அண்ணனை அனுப்பிவிட்டுத் தம்பியைத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். மூன்று சில்லு வண்டிக்கு ‘முச்சக்கர’ என்று தமிழ் எண் போட்டோமே, இதற்கு மட்டும் ஏன் ‘துவி’ என்று எனக்கு எப்போதும் ஒரு குறை.

ஈருருளி அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஈர் + உருளி, முழுத்தமிழ். மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி என்று நம் பத்திரிகைகள் எழுதுவதால் இரண்டும் சோடியாகவும் நிற்கும். அழகான சொல்தான்.

ஆனால் கடிதம் கேட்பது தடம். அங்கேதான் இந்தப் பெயர்கள் எல்லாம் வழுக்குகின்றன. துவிச்சக்கரம், ஈருருளி, இருசக்கரம் மூன்றும் சில்லைத்தான் எண்ணுகின்றன. மோட்டார் சைக்கிளுக்கும் சில்லு இரண்டுதான். தமிழ்நாட்டில் இருசக்கர வாகனம் என்றாலே மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி வீதியோரம் நட்டால், ஹோர்ன் அடித்துக்கொண்டு அந்தத் தடத்துக்குள் வருகிறவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கரியரில் பிள்ளையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற தாய் மறுபடியும் ஓரத்து மணலுக்குள் இறங்கவேண்டியதுதான்.

ஆகவே நான் கடிதத்தில் இல்லாத ஐந்தாவது சொல்லைச் சொன்னேன்: மிதிவண்டி. தமிழ்நாட்டில் பாடப்புத்தகம் முதல் அரசு அறிவிப்பு வரை நிலைத்துவிட்ட சொல். இது சில்லை எண்ணவில்லை, காலைச் சொல்கிறது. இந்த வண்டியின் பழைய பெயரிலேயே கால் இருந்தது. 1817இல் ஜெர்மானியர் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்கு மிதிகட்டையே கிடையாது, நிலத்தைக் காலால் உந்தி உந்திப் போகவேண்டும். அதைப் பிரெஞ்சுக்காரர் ‘வெலோசிப்பீட்’ என்றார்கள், லத்தீனில் விரைந்த கால் என்று பொருள். 1860களில் முன்சில்லில் மிதிகட்டை வந்தது. 1885இல் செயின் போட்டுப் பின்சில்லைச் சுழற்றும் ரோவர் என்ற சைக்கிள் வந்தபோது, இன்றைக்கு நாம் ஓடுகிற உருவம் கிடைத்தது. சிங்களத்தில் ‘பாபெதிய’ என்கிறார்கள், அதிலும் ‘பா’ என்பது பாதம். நம் பழந்தமிழிலோ சில்லுக்கே கால் என்று ஒரு பெயர் உண்டு. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் வரும் கால், தேர்ச்சில்லுதான்.

சட்டம் எழுதுகிறவர்களும் காலைத்தான் பார்க்கிறார்கள். மின்சார சைக்கிள் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் போட்ட கோடு இது: மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக்கூடாது, மணிக்கு 25 கிலோமீற்றரோடு அதன் உதவி நிற்கவேண்டும், மிதித்தால் மட்டுமே அது வேலை செய்யவேண்டும். அப்படியானால் அது இன்னும் சைக்கிள்தான். மிதிவண்டி என்ற பெயர் இந்த வரையறையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சரி, ‘தடம்’? வீதியில் கோடு போட்டுப் பிரித்த பகுதியை ஒழுங்கை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நமக்கு ஒழுங்கை என்றால் இரண்டு வேலிக்கு நடுவே போவது. ‘சைக்கிள் பாதை’ என்றாலும் இங்கே சிக்கல்தான். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு வாவியைக் கடக்க ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவைக்கே நாம் பாதை என்றுதான் சொல்கிறோம். டயர் மண்ணில் பதிப்பதும் தடம், அதற்கென்று ஒதுக்குவதும் தடம். மிதிவண்டித் தடம் சரியாகவே இருக்கிறது.

கடைசித் தம்பிக்கு ஒரு மனக்குறை. “நாங்க மிதிக்கிற எண்டு சொல்றல்லயே அண்ணன், உழக்கிற எண்டுதானே சொல்ற?” உண்மை. ‘உழக்கு’ பழைய சொல், காலால் மிதித்துக் கலக்குவதற்குச் சொன்னது. கச்சான் காற்று எதிரே அடிக்கிற மாதங்களில் கல்லடிப் பாலத்தில் நின்று பாருங்கள். மீன்காரர் கரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இருக்கையை விட்டு எழும்பி, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலில் இறக்குவார். அப்புறம் மறுகாலில். செயின் கிறீச்சிடும். அதற்கு மிதித்தல் போதாது, உழக்குதல்தான். 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் ஆசிரியர், லிகிதர், தாதியர் என்று எத்தனை பேர் அப்படி உழக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்!

தலைப்பை ‘மிதிவண்டித் தடம்’ என்று மாற்றினோம். பேச்சு வரும் இடங்களில் சைக்கிளைத் தொடவில்லை. முதல் பந்தியில் தம்பி தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தான்: “இத்தடம், காலால் உழக்கிச் செல்பவர்களுக்கு மட்டும்.”