ஸ்கோர் புத்தகத்தில் ஏறாத பன்ட்டுகள்

"1917 சீசனை வைத்து கம்ப்யூட்டரில் பேஸ்பால் சிமுலேஷன் ஆடுகிறேன். பன்ட் செய்தால் பத்துக்கு ஒன்பது தடவை பலிக்கிறது. அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படித்தானா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பன்ட் என்பது கிட்டத்தட்ட நம் ஊர் கிரிக்கெட்டில் டொக்கு வைப்பதுதான். மட்டையை வீசாமல், ஒரு கையை மேலே நகர்த்தி, தளர்வாகப் பிடித்துப் பந்துக்குக் காட்ட வேண்டும். வேகம் செத்து பந்து சில அடி உருளும். ஃபீல்டர் ஓடிவந்து எடுத்து எறிவதற்குள் முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நின்ற சக வீரர் இரண்டாவதற்குப் போய்விடுவார். அடித்தவர் அவுட். இதைத் 'தியாகம்' என்று கணக்கில் எழுதுவார்கள். ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி பெரிய அடி) அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில் ஒரு ரன்னே பெரிது, அதனால் பன்ட்டும் அதிகம். 1917இல் கிளீவ்லேண்ட் வீரர் ரே சாப்மன் எடுத்த 67 தியாகங்கள் இன்றும் ஒரு சீசனுக்கான சாதனை.

இந்த 67ஐ அப்படியே 'பன்ட் திறமை' என்று கம்ப்யூட்டர் விளையாட்டில் ஏற்றினால்தான் வம்பு. 1908 முதல் 1930 வரை, உயரே அடித்த பந்து கேட்ச் ஆகி, மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடிவந்து ரன் எடுத்தாலும் அதே தியாகக் கட்டத்தில்தான் எழுதினார்கள். ஆக, அந்த 67 முழுக்க பன்ட் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்த சிக்கல் வேறொன்று. தியாகம் என்று எழுதப்படுவது பலித்த பன்ட் மட்டும். பலிக்காதது எங்கே போகிறது? பந்து மேலே எழும்பி கேட்ச் ஆனால் சாதாரண அவுட். இரண்டாவது பேஸுக்கு ஓடியவரையே அவுட் ஆக்கிவிட்டால் அதுவும் சாதாரண அவுட். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்) பன்ட் ஃபவுல் ஆனால், அதாவது பந்து கோட்டுக்கு வெளியே போனால், ஸ்ட்ரைக்அவுட். இரண்டு தடவை சொதப்பி, அப்புறம் மட்டையை வீசி ஹிட் அடித்தால் பன்ட் முயற்சியின் சுவடே இருக்காது. ஒருவர் 80 தடவை முயன்று 40 பலித்தது, இன்னொருவர் 42 முயன்று 38 பலித்தது என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் 40, 38 மட்டும் தெரியும். முதலாமவர்தான் கெட்டிக்காரர் என்று விளையாட்டு நம்பிவிடும். மேனேஜர் எத்தனை தடவை பன்ட் செய்யச் சொன்னார் என்பது வீரரின் கைத்திறனாக மாறிப்போகிறது.

காணாமல் போன முயற்சிகளைத் தேட, ஒவ்வொரு ஆட்டத்திலும் நடந்தது நடந்தபடி வேண்டும். உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் 1989இல் தொடங்கிய ரெட்ரோஷீட் என்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது. தன்னார்வலர்கள் பழைய ஸ்கோர் தாள்களைத் தேடிப் பிடித்து, பதிவேற்றி, இலவசமாகத் தருகிறார்கள். தரவு சேகரிப்பை வெறும் குமாஸ்தா வேலை என்று நினைத்து நிதி தராமல் இருப்பது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

சரி, உங்கள் விளையாட்டுக்கு வருவோம். பன்ட் வரும் என்று தெரிந்தால் மூன்றாவது பேஸ்மேன் நாலு எட்டு முன்னால் வந்து நிற்பார். அப்போது பன்ட் எடுபடாது. ஆனால் ஓங்கி அடித்தால் பந்து அவரைத் தாண்டி ஓடும். பத்து தடவை தொடர்ந்து பன்ட் செய்து பாருங்கள். பதினோராவது தடவை அவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள்.