புல் முளைத்த பாதையிலும் ரயில் வரும்

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலின் தண்டவாளப் பராமரிப்புக்குப் புதிதாகச் சேரும் தம்பிகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் ஓடும் பாதையைப் பற்றி அவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. அங்கே பயம் தானாகவே வந்துவிடும். பணிமனை ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் பாதையைப் பற்றித்தான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது. "அண்ணே, அது சும்மா கிடக்கிற லைன்தானே?" என்று யாராவது ஒருவர் கேட்காத வகுப்பே இல்லை.

அதே கேள்வி இப்போது வேறு இடத்திலும் என் காதில் விழுகிறது. வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்பாலம் தாண்டி, மலேசியாவின் ஜொகூரில் சரக்கு ரயில் பார்க்கப் போகும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பகிரும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. தண்டவாளத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு படம், நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின் ஏணியில் தொங்கிக்கொண்டு இன்னொரு படம்.

இதில் நம்முடைய ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்குத் தண்டவாளம் என்பது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொருள். சுரங்க நிலையங்களில் தொடக்கத்திலிருந்தே கதவு உண்டு. 2012க்குள் மேல்தள நிலையங்களிலும் அரைக் கதவு வந்துவிட்டது. சரக்கு ரயிலோ நம் ஊரில் ஓடுவதே இல்லை. ஒரு காலத்தில் ஓடியது. புக்கிட் தீமா நிலையத்தில் பிரிந்து ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் போன கிளைப்பாதை 1960களின் நடுவில் வந்தது. ஆலைகளுக்கும் ஜூரோங் துறைமுகத்துக்கும் சரக்கு கொண்டுபோகவென்றே போட்ட பாதை அது. லாரிகள் பெருகப் பெருக அதற்கு வேலை குறைந்தது, 1990களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். சன்செட் வே பக்கம் உலு பாண்டான் ஆற்றின் மேல் அதன் இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. கிளமெண்டி சாலைக்கு அடியில் சுரங்கமும் இருக்கிறது. மலேசியாவுக்குப் போன பிரதான பாதையில் 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் தஞ்சோங் பகார் நிலையத்தை விட்டுக் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிப் போனார். அந்தத் தடம் இப்போது நாம் காலையில் நடக்கவும் சைக்கிள் விடவும் போகும் 24 கிலோமீட்டர் ரயில் பசுமைப் பாதை. ஆகப் பழைய தண்டவாளம் என்றாலே நம்மவர்களுக்குப் பூங்கா நினைவுதான் வருகிறது. அந்த நினைவோடு ஜொகூரில் உள்ள கெம்பாஸ் பாருவில் போய் இறங்குகிறார்கள்.

கெம்பாஸ் பாருவிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு ஒரு பாதையும், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு ஒரு பாதையும் பிரிகின்றன. பயணிகள் ரயில் போல இவற்றுக்கு நாம் பார்த்துவைத்துக்கொள்ளும் நேர அட்டவணை கிடையாது. சரக்கு இருந்தால் வரும், கிரேன் காலியானால் வரும், எஞ்சின் கிடைத்தால் வரும். காலை முழுவதும் எதுவும் வராமல் இருந்துவிட்டு, நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போது வரும்.

தொழிற்சாலைக் கிளைப்பாதையில் சரக்கு ரயில் வேலை செய்யும் விதமே வேறு. இதைப் புரிந்துகொண்டால் பார்ப்பதற்கும் சுவை கூடும், உயிருக்கும் நல்லது. ஆலைக்குள் போகும் பாதை பெரும்பாலும் ஒரு முட்டுக்கட்டையில் முடியும். எஞ்சின் முன்னால் நின்று இழுத்துக்கொண்டு உள்ளே போனால், முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் தானே மாட்டிக்கொள்ளும். அதனால் என்ன செய்வார்கள்? பாதை பிரியும் இடத்தை ரயில் தாண்டிப் போய் நிற்கும். ஒருவர் இறங்கிப் பாயிண்டை, அதாவது ரயிலை இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ திருப்பும் நகரும் தண்டவாளத்தை, மாற்றுவார். அப்புறம் எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் முன்னே போக, மெதுவாக ஆலைக்குள் நுழையும். பாதை எதிர்ப்பக்கமாகப் பிரிந்தால் இன்னும் வேலை அதிகம். பக்கத்தில் பிரிந்து மீண்டும் சேரும் லூப் பாதையில் எஞ்சினைக் கழற்றி, மறுமுனைக்குச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டித் தள்ளுவார்கள். காலிப் பெட்டிகளை வெளியே எடுக்க மீண்டும் இதே கூத்து.

ரயில் ரசிகர்களுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஆபத்தும் இங்கேதான். ரயில் உங்களைத் தாண்டிப் போய் வளைவில் மறைகிறது. "போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு நீங்கள் தண்டவாளத்தில் ஏறி, பின்பக்கத்தைப் படம் எடுக்க நிற்கிறீர்கள். அது போகவில்லை, பாயிண்ட் மாற்றத்தான் நின்றிருக்கிறது. திரும்பி வரும்போது முன்னால் இருப்பது எஞ்சின் அல்ல, ஒரு வெறும் பெட்டி. அதில் ஹார்ன் இல்லை, பெரிய விளக்கு இல்லை, ஓட்டுநரும் இல்லை. அவர் அத்தனை பெட்டிகளுக்கும் பின்னால், பெட்டிகள் நகர்வதைப் பார்த்து வழிகாட்டும் ஷண்டிங்காரர் வாக்கி டாக்கியில் சொல்வதைக் கேட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஷண்டிங்காரரின் குரல் நின்றால் ரயிலை நிறுத்தவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய விதி. அந்த ஷண்டிங்காரரின் கண்ணில் நீங்கள் படவேண்டுமே. புதர் ஓரத்தில் பச்சைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தால் எப்படிப் படுவீர்கள்?

சத்தம் கேட்குமே என்பார்கள். எஞ்சின் சத்தம் பின்னாலிருந்து வருகிறது, ஆலைச் சுவர்களில் பட்டு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் கலைகிறது. முன்னால் வரும் பெட்டி மெதுவாக உருளும்போது, பக்கத்துச் சாலையில் லாரி போனால் அதன் சத்தம் தனியாகக் கேட்காது. வேகம் குறைவுதானே என்பது அடுத்த சமாதானம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். கேமராத் திரையில் கண் வைத்துக்கொண்டு மூன்று விநாடி நின்றால் பதினாறு மீட்டருக்கு மேல் வந்திருக்கும். பிரேக் போட்டாலும் காற்றழுத்த மாற்றம் குழாய் வழியாகக் கடைசிப் பெட்டி வரை போய்ச் சேரவேண்டும், அதற்கப்புறம்தான் மொத்த எடையும் நிற்கத் தொடங்கும்.

அகலத்தையும் மறந்துவிடுகிறார்கள். மலேசியப் பாதை ஒரு மீட்டர் அகலம், நம் எம்ஆர்டி 1,435 மில்லிமீட்டர். பாதை குறுகலாக இருப்பதால் ரயிலும் குறுகல் என்று நினைக்கவேண்டாம். பெட்டி இரு பக்கமும் தண்டவாளத்தைத் தாண்டி முக்கால் மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சரக்கைக் கட்டிய பட்டை ஒன்று அவிழ்ந்து தொங்கினால் கணக்கு இன்னும் மாறும்.

துரு விஷயத்துக்கு வருவோம். வெளியே அதிகம் பேசப்படாதது இதுதான். பல பாதைகளில் ரயில் எங்கே இருக்கிறது என்று சிக்னலுக்குத் தெரிவது தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தால். ரயிலின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்னோட்டம் அந்த வழியாகத் திரும்பிவிடும், இங்கே ரயில் இருக்கிறது என்று கருவி புரிந்துகொள்ளும். தினமும் ஓடும் பாதையில் தண்டவாளத்தின் தலை கண்ணாடி போலப் பளபளக்கும். எப்போதாவது ஓடும் பாதையில் துருப் படலம் படிந்துவிடும், சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மின்சாரம் சரியாகப் பாயாது. ரயில் நின்றிருக்கும், கருவிக்கு அது தெரியாமல் போகலாம். அதனால்தான் இப்படிப்பட்ட பாதைகளில் கடந்துபோகும் சக்கர அச்சுகளை எண்ணும் கருவி வைப்பார்கள், அல்லது ஒரு நேரத்தில் ஒரே ரயிலைத்தான் உள்ளே விடுவார்கள். சில கிராசிங்குகளில் ரயிலை நிறுத்தி, ஆள் இறங்கிக் கொடி காட்டி, வாகனங்களை நிறுத்திய பிறகே நகர்த்துவார்கள். மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்பதை வைத்து ரயில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கொடியோடு நிற்பவரைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை விடும் அவசரக்காரர்களைப் பற்றி என்ன சொல்ல, தினமும் பார்க்கிறோம்.

புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை டோக்கன் என்ற அனுமதிச் சின்னத்தை ஓட்டுநரும் நிலைய ஊழியரும் மாற்றிக்கொள்வதைப் பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். டோக்கன் எந்த ரயிலிடம் இருக்கிறதோ அது மட்டுமே அந்தப் பகுதிக்குள் போகலாம். இன்னொரு ரயிலோடு மோதாமல் இருக்க அருமையான ஏற்பாடு. ஆனால் உள்ளே போன ரயில் அந்தப் பகுதிக்குள் எங்கே இருக்கிறது, முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று டோக்கன் யாருக்கும் சொல்லாது. ஒரு ரயில் மட்டும் இருக்கும் கிளைப்பாதை பாதுகாப்பானது என்பது ரயிலுக்குப் பொருந்தும், அதன் மேல் நடப்பவருக்கு அல்ல.

நின்றிருக்கும் பெட்டிகளுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போவது, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கொக்கி மேல் கால் வைத்துத் தாண்டுவது, இவை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எஞ்சின் பார்வைக்கே தெரியாத தூரத்தில் மறுமுனையில் வந்து மாட்டும்போது, ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள தளர்வு வரிசையாக இறுகும். உங்கள் பெட்டி முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு குதி குதிக்கும். எஞ்சினே இல்லாவிட்டாலும் நகரலாம். காற்று பிரேக்கில் உள்ள காற்று நேரம் ஆக ஆகக் கசிந்துவிடும், அதற்கப்புறம் பெட்டியைப் பிடித்து வைத்திருப்பது கையால் சுற்றிப் போட்ட பிரேக்கும் சக்கரத்துக்கு வைத்த கட்டையும்தான். 2013 ஜூலையில் கனடாவின் லாக் மெகான்டிக் ஊரில் நடந்ததை எங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்வோம். எண்ணெய் ஏற்றிய ரயில் ஒன்றைச் சரிவில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். ஏழு கை பிரேக்குகள்தான் போட்டிருந்தார்கள், மீதிப் பிடி ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தந்த காற்றில் இருந்தது. எஞ்சினில் தீப்பிடித்ததால் எஞ்சினையே நிறுத்திவிட்டார்கள். காற்று இறங்கியது. ரயில் தானாக உருண்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஊர் நடுவில் தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். ஆள் இல்லாத ரயில் அது.

மேலே கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரட்டைப் பாதை போட்டு மின்மயமாக்கியிருக்கிறார்கள், 25,000 வோல்ட். நம் வடகிழக்குப் பாதையின் மேல்கம்பியில் இருப்பது 1,500 வோல்ட்தான். இவ்வளவு மின்னழுத்தத்தில் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். பெட்டி மேல் ஏறிப் படம் எடுப்பது, செல்ஃபி குச்சியை நீட்டுவது, மீன் தூண்டிலோடு கிராசிங்கைக் கடப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களே தப்ப முடியாத நாள் உண்டு. 2016 மார்ச் 22, பாசிர் ரிஸ் நிலையத்துக்கு அருகே எங்கள் தொழிலைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ரயில் மோதி இறந்தார்கள். தனியாக வந்தவர்கள் அல்ல, குழுவாகத்தான் போனார்கள். அதைப் பற்றிப் பேசாமல் நான் எந்தப் புதுக் குழுவையும் தண்டவாளத்துக்கு அனுப்புவதில்லை. அவர்களுக்கு நாங்கள் சொல்லும் விதிகளில் ஒன்றை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு பேர் போனால் ஒருவர் கையில் கேமரா கூடாது, காதில் எதுவும் கூடாது. அவர் வேலை இரண்டு பக்கமும் பார்ப்பது மட்டும். முறை மாற்றிக்கொள்ளுங்கள், யாருக்கும் படம் தவறாது.

எங்கே நிற்பது? வேலிக்கு வெளியே, பொதுச் சாலையில், மேம்பாலத்தில், நிலைய மேடையில். ஷண்டிங் நடக்கும் இடத்தில் கொஞ்சம் உயரமான சாலை ஓரம் கிடைத்தால் அதுதான் முதல் தரம். மேலிருந்து பார்த்தால் எஞ்சின் சுற்றி வருவது, பாயிண்ட் மாறுவது எல்லாம் ஒரே காட்சியில் தெரியும். கீழே தண்டவாளத்தில் நிற்பவனுக்குக் கிடைப்பது பெட்டியின் முகம் மட்டும். ஆலைக் காவலாளி போகச் சொன்னால் வாதம் செய்யாமல் போங்கள். அவர் சம்பளம் அதற்குத்தான்.

காரில் போகிறவர்களுக்கு ஒன்று. தொழிற்பேட்டைச் சாலைகளில் கிராசிங்குக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கே உங்கள் கார் முழுதாக நிற்க இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே தண்டவாளத்தில் ஏறுங்கள். நடுவில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லாரையும் இறக்கிவிடுங்கள். குழந்தை இருக்கையின் பட்டையைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று பெற்றோருக்குத் தெரியும், ஆகவே முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். தண்டவாளத்தை விட்டு நன்றாக விலகுங்கள். ரயில் வந்துகொண்டிருந்தால், அது வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும். மோதினால் காரின் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும், அந்தப் பக்கம் ஓடியவர் மேல்தான் விழும். பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் 999ஐ அழையுங்கள். கிராசிங்கில் ஏதாவது எண் எழுதிய பலகை இருந்தால் அதையும் படித்துச் சொல்லுங்கள், எந்தக் கிராசிங் என்று அவர்கள் கண்டுபிடிக்க அது உதவும்.