மலையில் கழிவுநீர்ப் படுகை: அளவை ஜனவரிக்குப் போடுங்கள்

நீலகிரியில் காட்டேஜ்களுக்கும் சிறு விடுதிகளுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைத்துத் தரும் பணியில், கோவையில் நன்றாக இயங்கும் கல்வாழைப் படுகையின் (ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்டு, கழிவுநீரை அதன் வழியே ஓடவிட்டுச் சுத்தமாக்கும் தொட்டி) வரைபடத்தைக் கொண்டுவந்து, இதே அளவில் இங்கும் போட்டுத் தாருங்கள் என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கு அந்த அளவு போதாது. படுகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இங்கே குளிர் தீர்மானிக்கிறது; அது எங்கே அமைய வேண்டும், அதில் எந்தச் செடி நிற்கும் என்பதை வெயில் தீர்மானிக்கிறது.

செடியே அழுக்கையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்பவை ஜல்லியின் மேலும் வேரின் மேலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள். செப்டிக் டேங்கைத் தாண்டி வரும் கசடு ஜல்லியில் தங்கிவிடுவதால், குளிர்காலத்திலும் கரிமக் கழிவு ஓரளவு நன்றாகவே குறையும். அடிபடுவது அம்மோனியா விஷயத்தில்தான். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே மிகவும் மந்தமாகி, 5 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகின்றன. அந்த மந்தத்தை ஈடுகட்டத்தான் படுகையை ஜனவரிக் குளிருக்கு ஏற்பப் பெரிதாகப் போட வேண்டியிருக்கிறது. ஜனவரியில் வெளிக்குழாய் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தால் தெளிவாக இருக்கும், நாற்றமும் இராது. அம்மோனியா இருந்தால் நிறம் மாறிக் காட்டும் நெஸ்லர் கரைசலைச் சில துளிகள் விட்ட பிறகுதான் நிறம் மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் போவது தெரியும்.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், அது ஈடுகட்டாதா என்று கேட்கலாம். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை கரையும் என்பது சரியே. ஆனால் உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். அதனால் அந்த அளவு 9 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. குளிர் கொடுத்ததை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை மாற்றவே சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும் என்பதால், மலையில் நான் எப்போதும் நீர் நிரம்பியே நிற்கும் படுகையை மட்டும் நம்புவதில்லை. விட்டு விட்டு மேலிருந்து நீரை இறக்கும் செங்குத்துப் படுகையையும் சேர்த்துக்கொண்டால், இடைவேளைகளில் காற்று ஜல்லிக்குள் இறங்கும்.

அடுத்தது இடம். பம்ப் இல்லாமல் நீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காகப் படுகையை நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் வைப்பது இங்கு வழக்கம். இரவில் குளிர்ந்து கனத்த காற்றும் அதே மூலைக்குத்தான் வழிந்து இறங்குகிறது. உறைபனி முதலில் விழும் இடமும் அதுவே. பக்கத்தில் கற்பூர மரமோ சீகை மரமோ நின்றால் காலை வெயிலும் கிடைக்காது. செடியின் இலை வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து, தண்டின் காற்றறைகள் வழியாகச் சிறிதளவு ஆக்சிஜனை வேருக்கு அனுப்புகிறது. நிழலில் அதுவும் குறையும். ஆகவே சரிவில் சற்று மேலே, கிழக்கு வெயில் படும் படியாகச் செதுக்கிய தட்டில் படுகையை வைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு வீணல்ல.

கல்வாழையின் இலை ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். கிழங்கு பிழைத்துக்கொண்டு கோடையில் மீண்டும் துளிர்க்கும். சம்பும் நாணலும் குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆகாயத்தாமரையை நான் பரிந்துரைப்பதே இல்லை. பனிக்கு அழுகும், ஓடைக்குத் தப்பினால் பிடிக்கவே முடியாது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கியதும் படுகை பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று காய்ந்த தட்டைகளை அறுத்துவிடுவது விடுதித் தோட்டக்காரர்களின் பழக்கம். இளந்தேயிலைக்குப் பெரணித் தழையைச் செருகிப் பனியிலிருந்து காக்கும் ஊரில், இந்தத் தட்டைகளும் ஜல்லிக்குப் போர்வைதான் என்பதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். பிப்ரவரி கடைசி வரை அவற்றை விட்டுவைக்க வேண்டும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால், மேலே புல் வெண்மையாக உறைந்திருக்கும்போதும் உள்ளே நீர் அவ்வளவு குளிராது. செப்டிக் டேங்கிலும் குளிரில் கசடு மெதுவாகவே செரிக்கும் என்பதால், சமவெளியைவிடச் சற்று அடிக்கடி அதை எடுக்க நேரும்.

வெயில் நேரடியாக நீரைச் சுத்தம் செய்யும் இடம் ஒன்று உண்டு: படுகைக்கு அப்பால் உள்ள ஆழமற்ற திறந்த குட்டை. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் வலுப்பதால், மேகமற்ற நாட்களில் அங்கே கோலிஃபார்ம் கிருமிகள் (நீரில் மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியாக்கள்) நன்றாக அழிகின்றன. ஆனால் தென்மேற்குப் பருவமழையின்போது வாரக்கணக்கில் மூடுபனி நிற்கும் அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகளில் அந்தக் குட்டையை நம்பி இருக்கக் கூடாது; அந்த மாதங்களுக்குக் குளோரின் ஏற்பாடு தனியாக வேண்டும்.

ஏப்ரல், மே சீசனில் கூட்டம் மிகும்போது வெப்பமும் துணைக்கு வருகிறது; கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலான விடுமுறையிலோ அறைகள் நிரம்புவதும் உறைபனியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இருந்தும் பெரும்பாலான விடுதிகள் மே மாதப் பகலில் எடுத்த ஒரு மாதிரியின் முடிவையே ஆண்டு முழுவதற்கும் சான்றாகக் கோப்பில் வைத்திருக்கின்றன. குட்டையில் பாசியிருந்தால் நண்பகலில் ஆக்சிஜன் நிறைந்தும், விடியலுக்கு முன் வெகுவாகக் குறைந்தும் இருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், வெயில் ஏறுவதற்கு முன் எடுத்த மாதிரியில் அம்மோனியாவையும், ஜூலை மூடுபனியில் எடுத்த மாதிரியில் கோலிஃபார்மையும் பார்க்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள்.