டயர் 56 மில்லிமீட்டர் வளர்ந்தால்

டயரின் பக்கவாட்டில் 265/70 ஆர்16 என்று அச்சடித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம், நின்று படித்தவர்கள் குறைவு. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 70 சதவீதம். 16 என்பது ரிம்மின் விட்டம், அதுவோ அங்குலத்தில். கலவைச் சாதம்தான். ஆனாலும் கணக்குப் போட இவ்வளவு போதும். பக்கச்சுவர் 185.5 மி.மீ., மேலும் கீழும் சேர்த்து 371. ரிம் 406.4. மொத்த விட்டம் 777.4 மி.மீ.

2016 முதல் 2023 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா டகோமா பிக்கப்பின் டிஆர்டி ஆஃப்-ரோடு வகை இந்த அளவு டயரோடு வந்தது. வாங்கியவர்களில் பலருக்கு அது போதவில்லை. சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வண்டியை ஜாக்கியில் ஏற்றி, '33 அங்குலம்' என்று அவர்கள் சொல்லும் டயரை மாட்டப் பார்ப்பார்கள். அந்த 33-இன் அச்சு அளவு 285/75 ஆர்16. முன்போலவே கூட்டிப் பாருங்கள்: 833.9 மி.மீ. வருகிறது. பழையதைவிட 56 மி.மீ. அதிகம், மூன்று விரல் அகலம். இந்த மூன்று விரல் வண்டிக்குள் எங்கெல்லாம் போய் இடிக்கிறது என்பதுதான் கதை.

முதலில் லாபத்தைப் பார்த்துவிடலாம். விட்டம் 56 கூடினால் ஆக்சில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் தண்டு, உயர்வது அதில் பாதி, 28 மி.மீ. மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே போய்விடுகிறது. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் அந்த 28-ஐ வேறு சுலபமான வழியில் வாங்க முடியாது. டகோமாவின் பின்பக்கம் ஒரே குழாயான இரும்பு ஆக்சில். அதன் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியை, அதாவது எஞ்சினின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, அமெரிக்க மெக்கானிக்குகள் பூசணிக்காய் என்றே சொல்வார்கள். பாறையில் முதலில் தட்டுவது அந்தப் பூசணிக்காய்தான். நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் உடம்பு மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பிரிங் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆக்சில் டயரின் மேல். ஆகவே பூசணிக்காயைத் தூக்க டயரால்தான் முடியும்.

படி ஏறுவதில் லாபம் இன்னும் சின்னது. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லில் சக்கரம் முட்டும்போது, அந்த விளிம்பைச் சக்கரம் தொடும் இடம் நேர் கீழிருந்து பழைய டயரில் ஏறத்தாழ 52 பாகை தள்ளி இருக்கும், புதியதில் 50 பாகை. இரண்டு பாகைதான் வித்தியாசம். பெரிய டயர் போட்டால் எதிலும் ஏறும் என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

உண்மையான பலன் காற்றை இறக்கும்போது தெரியும். டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறக்குறைய, அதன்மேல் இருக்கும் எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ, உள்ளே 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அளவு) என்றால் தொடும் பரப்பு சுமார் 237 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐ ஆக்கினால் இரு மடங்கு. இந்தக் கணக்கில் டயரின் அளவு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு பெரிய டயர் எதற்கு? உயரமான பக்கச்சுவர் இருந்தால்தான் அழுத்தத்தை அவ்வளவு இறக்கினாலும் ரிம் கல்லில் இடிக்காமல் டயர் நசுங்க இடமிருக்கும். நசுங்கும் டயர் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் படரும். ஐஸ்லாந்துக்காரர்கள் பனிப்பாறைகளின் மேல் 38, 44 அங்குல டயர்களில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ மட்டும் வைத்து ஓட்டுவது இந்தத் தத்துவத்தில்தான். வண்டி பனிக்குள் புதையாமல் மேலே மிதக்கிறது.

சரி, டயரை மாட்டியாயிற்று, வண்டியைக் கீழே இறக்கியாயிற்று. நேராக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பின்னால் எடுத்தால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும்.

சக்கரம் திரும்புவது தன் நடுவை மையமாக வைத்து அல்ல. அது சுழலும் அச்சு சக்கரத்துக்கு உள்பக்கமாக, சக்கரத்தைப் பிடித்திருக்கும் குண்டு மூட்டுகளான மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் சேர்க்கும் கோட்டில் இருக்கிறது. கதவு கீலில் சுழல்வது போல சக்கரமும் அந்தக் கோட்டில் சுழல்கிறது. கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய வட்டம் வேண்டும். இடது பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்தின் நடுப்பகுதி கொஞ்சம் பின்னுக்கு வரும், அதன் பின்விளிம்பு உள்ளே மடங்கும். அந்த இடத்தில்தான் சாசியிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு தடித்த இரும்புத் தாங்கி நிற்கிறது. கேபினின் முன்பக்கம் அதன் மேல்தான், ரப்பர் புஷ் வைத்து, போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. புது டயர் உரசுவது அதில்.

இதையும் கணக்காகப் பார்க்கலாம். பெரிய டயர் வாங்குகிறவர்கள் கூடவே புது ரிம்மும் வாங்குவது வழக்கம். அது சக்கரத்தை 30 மி.மீ. வெளியே தள்ளும் ரிம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 35 பாகை திரும்புகிறது. டயரின் ஆரம் 28 கூடியதால் பின்விளிம்பு 23 மி.மீ. தாங்கியை நெருங்குகிறது. டயர் 20 மி.மீ. அகலமானதில் வெளிப்பக்கத்துக்கு வரும் 10-உம், ரிம் வெளியே தள்ளிய 30-உம் சேர்ந்து இன்னொரு 23 மி.மீ. கொடுக்கின்றன. மொத்தம் நாலரை சென்டிமீட்டர். இரண்டாவது 23-இல் முக்கால் பங்கு ரிம்முடையது. வண்டி நிற்கும்போது மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்தி நின்றால் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கம்பீரம் இல்லாமல் பழைய ரிம்மிலேயே மாட்டியிருந்தால் இந்த நாலரை சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். உள்பக்கம், சக்கரத்தைச் சாசியோடு இணைக்கும் மேல் ஆர்மைத் தொடாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்ட் கிட் போட்டால் உரசாது என்று நினைப்பவர்கள் நிறைய. தாங்கி இருப்பது சக்கரத்துக்குப் பின்னால், மேலே அல்ல. உடம்பை எவ்வளவு தூக்கினாலும் முன்பின் தூரம் மாறாது. அதோடு, பெரிய பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சக்கரம் கடைசியாக எங்கே போய் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் முட்டு. கிட் போட்டபின் அந்த முட்டு அதே இடத்தில் இருந்தால், முன்பு எட்டிய உயரத்தைச் சக்கரம் இப்போதும் எட்டும். வாசலில் நிற்கும் வண்டியில் கைவிட்டுப் பார்த்து 'நிறைய இடம் இருக்கிறது' என்பது சோதனையே ஆகாது.

சோதனைக்கு நல்ல வழி சாக்பீஸ். டயரின் தோள்பகுதி முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மேடான இடத்தில் ஏற்றி, அந்தப் பக்க ஸ்பிரிங்கை நன்றாக அமுக்க வைத்து, இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடிக்க வேண்டும். எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசல். பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்தால் ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். மட்ஃப்ளாப் என்றால் கழற்றிவிடலாம். உறைக்குப் பின்னே இரண்டு தகடுகள் சேர்ந்து மடிந்து நிற்கும் வெல்டிங் விளிம்பு என்றால், சுத்தியலால் தட்டிப் படுக்க வைத்து, சீலன்ட்டும் பெயின்டும் அடிக்க வேண்டும். பெயின்ட் போன இடத்தில் துரு வந்துவிடும். வீல் அலைன்மென்ட் செய்யும்போது கேஸ்டர் கோணத்தை (பால் ஜாயின்ட்களைச் சேர்க்கும் அந்தக் கோட்டின் முன்பின் சாய்வை) கூட்டி வைக்கச் சொல்வதும் உதவும். அது கீழ் பால் ஜாயின்டை முன்னுக்கு இழுப்பதால் சக்கரம் முழுவதும் தாங்கியை விட்டுச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்கிறது.

இதற்கும் மசியாத வண்டியில்தான் தாங்கியின் மூலையைக் கிரைண்டரால் அறுத்து, திறந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். டகோமா வைத்திருப்பவர்களிடையே இது சர்வசாதாரணமான வேலை. ஆனாலும் கேபினைத் தாங்கும் இரும்பு அது. தகடு வைத்து அடைக்காமல் அறுத்ததோடு விட்டுவிடுவதும், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பதும் என் பார்வையில் பெரிய முட்டாள்தனம்.

டயரை ரிம்மில் ஏற்றும் வேலையையும் சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள். டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. அது நீளாது. ரிம்மின் உதடோ அதைவிடப் பெரியது. நீளாத வளையம் தன்னைவிடப் பெரிய உதட்டைத் தாண்டி எப்படி உள்ளே போகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். வளையத்தின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்திவிட்டால் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும், அந்தத் தளர்வில் லிவரை விட்டு நெம்பலாம். லிவரை எவ்வளவு நெம்பினாலும் நகரவில்லை என்றால் பலம் போதாமல் அல்ல, எதிர்ப்பக்கம் பள்ளத்தைவிட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். பஞ்சர் கடைக்காரர் வியர்க்காமல் செய்வதன் ரகசியம் இதுவும் சோப்புத் தண்ணீரும்தான்.

காற்று அடிக்கும்போது வளையம் 'டப் டப்' என்று இரண்டு சத்தத்தோடு தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். அதற்கு 40 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது என்பது இந்த வேலையின் பால பாடம். ஏன் என்று பாருங்கள். இந்த டயரின் ஒரு பக்கச்சுவரின் பரப்பு 0.4 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 40 பிஎஸ்ஐயில் அந்தச் சுவரைக் காற்று தள்ளும் விசை 11 டன்னுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம். வளையக் கம்பி அறுந்தால் அவ்வளவும் ஒரே கணத்தில் வெளியே வரும். பழைய அமெரிக்க பிக்கப்களில் பதினாறரை அங்குல ரிம் உண்டு. அதில் 16 அங்குல டயரைத் தெரியாமல் ஏற்றி, உட்காரவில்லையே என்று காற்றைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

பேலன்ஸிங்கைக் கடையில் விட்டுவிடுவதே மேல். ரிம் விளிம்பில் 50 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது 45 நியூட்டன் விசையாக மாறி, வினாடிக்குப் பத்து தடவைக்கு மேல் ஸ்டீயரிங்கை உதறும். நட்டு முறுக்குவது மட்டும் நம் கையில். டகோமாவின் அலாய் ரிம்முக்கு 113 நியூட்டன் மீட்டர், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால். முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட அந்த இரும்பு ஸ்பிரிங் போல ரிம்மை ஹப்போடு இழுத்துப் பிடிக்கிறது. எண்பது, நூறு கி.மீ. ஓட்டியபின் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

அப்புறம், ஓட்டும்போது. சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 7.3 சதவீதம் கூடிவிட்டது. வண்டியின் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அது சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. முன்பு மீட்டர் சரியாகக் காட்டிய வண்டி என்றால் இப்போது 100 என்று காட்டும்போது 107-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடிய தூரத்தையும் குறைத்தே காட்டும் என்பதால், மைலேஜ் உண்மையில் குறைந்ததைவிட இன்னும் மோசமாகத் தெரியும். திட்டுவதற்கு முன் 7 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

கியரும் அதே அளவு மாறுகிறது. இந்த டகோமாவின் வி6 ஆட்டோமேட்டிக்கில் ஆக்சில் விகிதம் 3.91, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.91 சுற்றுச் சுற்ற வேண்டும். பெரிய டயரோடு அது 3.64 போல நடந்துகொள்ளும். சைக்கிளில் ஏற்றத்தின் நடுவே ஒரு பல் கடினமான கியருக்கு மாறிவிட்ட மாதிரி. கியர்பாக்ஸ் அடிக்கடி கீழே இறங்கி ஏறும். பிரேக்குக்கும் அதே கதி. ஆரம் கூடினால் தரை சக்கரத்தைச் சுழற்றும் நெம்புகோலும் நீளும், அதே தூரத்தில் நிறுத்த பிரேக் 7 சதவீதம் அதிகம் பிடித்தாக வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு கட்டுக்கதை உலவுகிறது: சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ வண்டியில் ஏழு கிலோவுக்குச் சமம் என்று. வேகம் பிடிப்பதைப் பொறுத்தவரை அது பொய். சுழலும் வளையத்துக்கு முன்னே போகும் ஆற்றல் ஒரு பங்கு, சுழலும் ஆற்றல் இன்னொரு பங்கு, இரண்டும் சமம். ஆகவே உச்சபட்சமாக இரண்டு கிலோவுக்குச் சமம். ஒரு டயருக்கு 8 கிலோ கூடினால் நாலுக்கும் சேர்த்து 32 கிலோ, அது 64 கிலோவாக உணரப்படும். கூடுதலாக ஒரு ஆள் ஏறிக்கொண்ட மாதிரி.

கடைசியில் எல்லோரும் மறப்பது ஸ்டெப்னி. நாலு பெரிய டயரும் பழைய ஸ்டெப்னியுமாகக் காட்டுக்குள் போய், பின்சக்கரம் ஒன்று பஞ்சரானால், சின்ன டயர் ஒன்று பெரிய டயரோடு ஒரே ஆக்சிலில் ஓட வேண்டும். நேரான சாலையில்கூட டிஃபரன்ஷியலின் உள்பற்கள் ஓயாமல் சுழன்றபடி இருக்கும். நாலு சக்கர இழுவையைப் போட்டால் இன்னும் மோசம். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும், ஆனால் பின்பக்கம் மூன்றரை சதவீதம் அதிகம் சுற்றத் துடிக்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தரையில் வழுக்க முடியாததால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும். ஐந்தாவது டயரும் வாங்கிவிடலாம் என்றால், அது தொங்கும் இடம் வண்டியின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு அடியில், பழைய அளவுக்கு ஏற்ப விடப்பட்ட இடம். கடைக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னியை இறக்கி, அங்கே ஒரு தடவை டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.